கரி அள்ளியவருக்கு வெள்ளிப் பதக்கம்: கேள்வி - பதில்

போன இதழில் விக்டோரியா ராணி காலத்துக் கடற்படைப் பதக்கங்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பதில் எழுதினேன். அதில் 'ஸ்டோக்கர்' என்று ஒரு வார்த்தை விழுந்ததுதான் தாமதம், கடிதப் பை கனத்துவிட்டது. அதனால் இந்த வாரம் சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு. கப்பலின் அடித்தட்டுக்குப் போகிறோம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் மேலேயே நின்றுகொள்ளலாம்.

ஸ்டோக்கர் என்பவர் யார்? ஒரே வரியில் சொல்லவும். (கல்லூரி மாணவி, மதுரை)

கப்பலை ஓட்டியவர். கேப்டன் ஓட்டினார் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அவர் வழி சொன்னார்.

ஒரு வரி போதாது. விவரமாகச் சொல்லுங்கள். (திண்டுக்கல் வாசகர்)

பிரிட்டிஷ் கடற்படையின் முதல் இரும்புக் கவசப் போர்க்கப்பல் 'வாரியர்'. 1860 டிசம்பரில் தண்ணீரில் இறங்கியது. அதில் 10 பாய்லர்கள், ஒவ்வொன்றுக்கும் 4 அடுப்புகள், ஆக 40 அடுப்புகள். கிடங்கில் 850 டன் நிலக்கரி. அந்த 850 டன்னும் கிடங்கிலிருந்து அடுப்பு வாய்வரை தானாக நடந்து வராது. இருட்டுக் கிடங்குக்குள் புகுந்து கரியைத் தள்ளிக்கொண்டு வர ஒரு கூட்டம், அதை வாங்கி அடுப்பில் போட ஒரு கூட்டம்.

போடுவது என்றால் வாரி இறைப்பதல்ல. தணல் எங்கேயும் மேடு பள்ளம் இல்லாமல், தட்டின் கடைக்கோடிவரை ஒரே கனத்தில் பரவ வேண்டும். ஓரிடத்தில் குவிந்தால் புகை. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் குளிர்காற்று உள்ளே போய் நீராவி அழுத்தம் சரியும். கதவைத் திறந்து, போட்டு, மூட வேண்டியது நொடிக்கணக்கில். கரி நல்ல கரியாக இல்லாவிட்டால் அடியில் கிட்டம் கட்டிக்கொள்ளும். ஆளுயரத்தைவிட நீளமான இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பெயர்த்து வெளியே இழுக்க வேண்டும். செக்கச் செவேலென்று வந்து காலடியில் விழும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அறை முழுக்க ஆவி. பிறகு சாம்பலை வாளியில் ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும். கப்பல் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'வாரியர்' இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. மேல்தட்டில் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல் கீழே இறங்கிப் பாருங்கள்.

ரயில்வேயில் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவன் நான். நாங்களும்தான் காலமெல்லாம் கரி அள்ளினோம். எங்களுக்கு யாரும் மெடல் குத்தவில்லையே? (பொன்மலை வாசகர்)

ஐயா, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் உங்களுக்குப் பக்கவாட்டில் காற்று வந்தது, காவிரிப் பாலம் தெரிந்தது, ஸ்டேஷன் வந்தால் டீ வந்தது. கப்பல் ஸ்டோக்கருக்கு நாலு பக்கமும் இரும்பு. 1880-களில் இன்னொரு ஏற்பாடும் வந்தது: பாய்லர் அறையையே காற்றுப் புகாமல் அடைத்து, நீராவி விசிறியால் உள்ளே காற்றைத் திணித்தார்கள். தீ கொழுந்துவிட்டு எரியும், கப்பல் வேகம் பிடிக்கும். உள்ளே இருப்பவர் கதி? ஓட்ஸ் மாவு கரைத்த தண்ணீர் ஒரு வாளியில் இருக்கும். நம் ஊர் நீராகாரத்துக்குச் சீமைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொண்டு குடித்துவிட்டு மறுபடி ஷவலைப் பிடிக்க வேண்டியதுதான்.

மெடல் விஷயத்தில் ஒரு ஆறுதல் சொல்கிறேன். கடற்படையிலும் கரி அள்ளியதற்காக யாருக்கும் மெடல் கிடையாது. அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் மேலே யாராவது பீரங்கி சுட்டுக்கொண்டிருந்தால் மட்டும்தான் மெடல். அந்த விஷயத்தில் உங்கள் ரயில் கொஞ்சம் சாதுவாகப் போய்விட்டது.

இந்த வேலைக்கு எப்படி ஆள் எடுத்தார்கள்? பரீட்சை உண்டா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்)

தம்பி, பரீட்சை இல்லை; புஜம்தான் ஹால் டிக்கெட். பாய்மர மாலுமிகளைச் சிறுவர்களாகவே பிடித்துப் பயிற்சிக் கப்பலில் போட்டு வளர்த்தார்கள். ஸ்டோக்கர் அப்படியல்ல, 18 வயது தாண்டிய முழு ஆளாக, பெரும்பாலும் கூலி வேலை பார்த்துக் கை காய்த்தவராக வருவார். இரண்டாம் வகுப்பு ஸ்டோக்கர், ஸ்டோக்கர், லீடிங் ஸ்டோக்கர், சீஃப் ஸ்டோக்கர் என்று ஏணி. 1853-க்கு முன்னால் ஒரு கப்பலின் பயணம் முடிந்தால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம்தான் தொடர் சேவை என்ற முறை வந்தது. முதலில் 10 வருஷ ஒப்பந்தம், பிற்பாடு 12. இன்னும் 10 போட்டு 22 ஆக்கினால் பென்ஷன். சம்பளம் தேர்ந்த மாலுமியைவிட ஸ்டோக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். மரியாதை கொஞ்சம் குறைவு. சம்பளக் கமிஷன் வைத்தாலும் இரண்டாவதைச் சரிக்கட்ட முடியாது.

லண்டனில் இருக்கும் என் மகன் ஏலத்தில் ஒரு ஸ்டோக்கரின் மூன்று பதக்கங்களை வாங்கியிருக்கிறான். இரண்டு வெள்ளி, ஒன்று கறுத்த நட்சத்திரம். வெள்ளியில் ஒன்று அம்மை விழுந்த மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டானா? (கோயம்புத்தூர் வாசகி)

ஏமாறவில்லை அம்மா. அந்த அம்மைத் தழும்புதான் அசல் என்பதற்கு நல்ல அடையாளம்.

கறுத்த நட்சத்திரம் எகிப்து மன்னர், அதாவது கெதிவ், கொடுத்தது. வெண்கலம், ஐந்து முனை, நடுவில் ஸ்ஃபிங்ஸ், பின்னால் பிரமிடுகள், கீழே அரபு எழுத்து. எகிப்து மன்னரின் அன்பளிப்பு என்றாலும் செய்தது பர்மிங்ஹாமில் ஒரு கம்பெனி. பக்கத்தில் இருக்கும் வெள்ளி, பிரிட்டன் கொடுத்த எகிப்துப் பதக்கம். ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் இங்கேயும் ஸ்ஃபிங்ஸ். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ரிப்பன். இரண்டையும் நெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் குத்திக்கொண்டு நடக்கும்போது நட்சத்திரத்தின் கூர்முனை வெள்ளியைக் குத்திக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் குத்து வாங்கிய வெள்ளிக்குத் தழும்பு வராமல் என்ன செய்யும்? பெட்டியிலேயே தூங்கிய பதக்கம் பளபளவென்று இருக்கும். உங்கள் மகன் கையில் இருப்பது அணிவகுப்புகளில் போட்டு நடந்த பதக்கம். பாலீஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம் என்று இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள்.

எகிப்துப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர், பதவி, கப்பல் மூன்றும் பொறித்திருக்கும். நட்சத்திரத்தில் பெயர் இருக்காது. அது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். எகிப்துப் பதக்கத்தின் ரிப்பனின் மேல் குறுக்காக ஒரு வெள்ளிப் பட்டை இருந்து, அதில் அலெக்சாண்ட்ரியா, ஜூலை 11 என்று இருந்தால், 1882-ல் எட்டு இரும்புக் கவசக் கப்பல்கள் அலெக்சாண்ட்ரியாக் கோட்டைகளைக் காலை 7 மணியிலிருந்து மாலைவரை அடித்து நொறுக்கிய நாளில் உங்கள் ஸ்டோக்கர் அங்கே இருந்தார். மூன்றாவது பதக்கத்துக்குக் கீழே வருகிறேன்.

இருந்தார் என்கிறீர்கள். பார்த்தாரா? (விடாக்கண்டன், தஞ்சாவூர்)

பார்க்கவில்லை. அன்றைய சண்டையில் பங்கெடுத்த 'இன்ஃப்ளெக்ஸிபிள்' கப்பலில் 16 அங்குல வாய் கொண்ட பீரங்கிகள் நான்கு. அவை ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் கீழே அடுப்படியில் இருந்தவருக்குத் தெரிந்தது ஒரு அதிர்ச்சி, தலையில் கொஞ்சம் கரித்தூள். ஜெயித்தோமா தோற்றோமா என்பது ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

அப்படியென்றால் ஓசிப் பதக்கம்தானே? (அதே விடாக்கண்டன்)

வருவீர்கள் என்று தெரியும். 1876 ஜூலை 14. 'தண்டரர்' என்ற புத்தம் புதுப் போர்க்கப்பல் போர்ட்ஸ்மவுத் அருகே முழு வேகச் சோதனைக்குக் கிளம்புகிறது. ஒரு பாய்லரிலிருந்து நீராவி வெளியேறும் வால்வு மூடியே கிடந்தது. அழுத்தம் காட்டும் மீட்டர் கெட்டுப்போயிருந்தது. ஆபத்துக்குத் திறக்க வேண்டிய பாதுகாப்பு வால்வுகள் துருவேறி இறுகியிருந்தன. மூன்றில் ஏதாவது ஒன்று ஒழுங்காக இருந்திருந்தாலும் அன்று சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். பாய்லர் வெடித்து 45 பேர் செத்தார்கள். சண்டை இல்லை, எதிரி இல்லை, ஆகவே பதக்கமும் இல்லை.

1893 ஜூன் 22. மத்திய தரைக்கடலில், லெபனானின் திரிப்போலிக்கு வெளியே, அட்மிரல் டிரையன் இரண்டு வரிசைக் கப்பல்களை ஒன்றை நோக்கி ஒன்று திரும்பச் சொன்னார். இடைவெளி போதாது என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரிந்தது, அட்மிரலிடம் அழுத்திச் சொல்லத்தான் ஆளில்லை. 'கேம்பர்டவுன்' வந்து 'விக்டோரியா'வின் வயிற்றில் முட்டியது. கால் மணி நேரத்துக்குள் கப்பல் தலைகுப்புற மூழ்கி 358 பேர் போனார்கள். மேல்தட்டில் வரிசையில் நின்றவர்களுக்குக் குதிக்கவாவது வாய்ப்புக் கிடைத்தது. எஞ்சின் அறையிலும் பாய்லர் அறையிலும் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேலையிடத்திலேயே இருந்து செத்தார்கள். இப்போது சொல்லுங்கள், யாருக்கு ஓசி?

ஸ்டோக்கர் யாராவது விக்டோரியா கிராஸ் வாங்கியதுண்டா? (பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

உண்டு. வாங்கியது கரி அள்ளி அல்ல, தபால் பையைத் திருடி!

1854, ரஷ்யாவோடு சண்டை. பால்டிக் கடலில் 'ஆரகன்ட்' என்ற கப்பல். பக்கத்தில் இருந்த வார்டோ தீவில், ரஷ்யச் சக்கரவர்த்தியின் தூதர் ஒருவர் தளபதிக்கான கடிதங்களோடு இறங்கியிருக்கிறார் என்று தகவல். ஜான் பைத்ஸி என்ற லெஃப்டினன்ட், தான் போய்ப் பிடித்து வருவதாகச் சொன்னார். படை கொண்டு போனால் ஊரே விழித்துக்கொள்ளும், இரண்டே பேர் போதும் என்பது அவர் கணக்கு. இரண்டாவது ஆள், பாய்லர் அறையில் இருந்த வில்லியம் ஜான்ஸ்டோன். ஏன் அவர்? ஸ்வீடிஷ் பேசுவார், தீவுக்காரர்களின் மொழியும் அதுதான். கப்பலில் எத்தனையோ அதிகாரிகள் பிரெஞ்சும் லத்தீனும் படித்திருப்பார்கள்; அன்று தேவைப்பட்டது ஸ்டோக்கரின் நாக்கு.

இருவரும் மாறுவேடத்தில் ஆகஸ்ட் 9-ம் தேதி இறங்கி, 12-ம் தேதி இரவுவரை ஒளிந்திருந்தார்கள். பைகள் கரையில் இறங்கின. காவலுக்கு வந்த சிப்பாய்கள் வழி பத்திரமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள், புதரைத் தட்டிப் பார்க்காமலே. மிச்சம் ஐந்து பேர். இவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைத்துப்பாக்கி. பாய்ந்து மூன்று பேரைப் பிடித்து, பையோடு அவர்களையும் அவர்கள் படகிலேயே ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். விக்டோரியா கிராஸ் என்ற விருதே அப்போது பிறக்கவில்லை. 1856-ல்தான் பிறந்தது. 1857 பிப்ரவரியில் அரசிதழில் இருவர் பெயரும் வந்தபோது ஒருவர் கமாண்டர், மற்றவர் ஸ்டோக்கர். அந்த இரண்டு பெயரையும் ஒரே பத்தியில் போட்டதுதான் அந்த விருதின் அழகு. அதிகாரிக்கு ஒன்று, சாதாரண ஆளுக்கு வேறொன்று என்ற பிரிவே அதில் இல்லை.

போரில் பாய்லர் அறைக்காரர்கள் நிஜமாகவே கதாநாயகர்களான சம்பவம் ஒன்றாவது சொல்லுங்கள். (தூத்துக்குடி வாசகர்)

நைல் நதிக்கு வாருங்கள். 1885 பிப்ரவரி. சூடானில் கார்ட்டூம் நகரம் எதிரி கையில் விழுந்துவிட்டது. அதை மீட்கப் போன சர் சார்லஸ் வில்சனின் கூட்டம் நீராவிப் படகு உடைந்து நடு ஆற்றில் ஒரு தீவில் மாட்டிக்கொண்டது. அவர்களை மீட்க 'ஸாஃபியா' என்ற சின்ன நீராவிப் படகில் லார்ட் சார்லஸ் பெரஸ்ஃபோர்ட் போனார். வழியில் எதிரியின் மண்கோட்டை. அதைத் தாண்டும்போது ஒரு குண்டு நேராகப் பாய்லரில். பீறிட்ட ஆவியில் அடுப்படியில் இருந்தவர்கள் வெந்துபோனார்கள். கோட்டை கூப்பிடு தூரம், படகு செத்துவிட்டது.

தலைமை எஞ்சினியர் ஹென்றி பென்போ ஒரு இரும்புத் தகட்டை எடுத்தார். வெட்டி, துளை போட்டு, போல்ட்டும் நட்டும் தானே கடைந்து ஒட்டுப் போட ஆரம்பித்தார். மேலே இயந்திரத் துப்பாக்கி ஓயாமல் கோட்டையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. தகட்டைப் பொருத்த யாராவது பாய்லருக்குள் இறங்கிப் போல்ட்டை உள்ளிருந்து நீட்ட வேண்டும். பாய்லரோ இன்னும் கொதிக்கிறது. குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினார்கள். படகில் இருந்த ஒரு ஆப்பிரிக்கச் சிறுவனுக்குக் காசு தருவதாகச் சொல்லி, உடம்பு முழுக்க மாட்டுக் கொழுப்பைப் பூசி உள்ளே இறக்கினார்கள். முதல் தடவை சூடு தாங்காமல் வெளியே வந்துவிட்டான். மறுபடி இறங்கினான், வேலையை முடித்தான். பத்து மணி நேரத்தில் ஒட்டு விழுந்தது. மறுநாள் விடிவதற்குள் தீப்பொறி வெளியே தெரியாமல் அடுப்பு மூட்டி நீராவி ஏற்றிவிட்டார்கள். பென்போவுக்குத் தளபதி வூல்ஸ்லி தன்னுடைய வெள்ளி சிகரெட் பெட்டியையே எடுத்துக் கொடுத்தார். எனக்கு அந்தப் பையனைத்தான் பிடித்திருக்கிறது. இரண்டாம் தடவை இறங்கினான் பாருங்கள்.

ஒரு கரித் துண்டாவது சரித்திரத்தில் இடம்பிடித்திருக்கிறதா? (குறும்புக்காரர், நாகர்கோவில்)

குறும்பாகக் கேட்டாலும் பதில் இருக்கிறது. 1889 மார்ச் 16, சமோவாவின் ஆப்பியா துறைமுகம். அமெரிக்கக் கப்பல் மூன்று, ஜெர்மன் கப்பல் மூன்று, பிரிட்டிஷ் 'கேலியோப்' ஒன்று, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. வந்தது சூறாவளி. ஆறும் பாறையில் மோதின அல்லது கரையில் ஏறின. 'கேலியோப்' மட்டும் நங்கூரத்தை விட்டுவிட்டு, முழு நீராவியில் புயலுக்கு நேராக வெளியேறியது. எஞ்சின் முழு பலத்தையும் கொடுத்தும் நகர்ந்தது மணிக்கு ஒரு கடல்மைல் அளவுக்குத்தான். அமெரிக்கக் கொடிக்கப்பல் 'ட்ரென்டன்' ஆட்கள், தாங்களே சாகக் கிடந்த நிலையில், அது கடந்து போகும்போது ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள். கீழே அன்று ஒரு நிமிஷம் நீராவி தளர்ந்திருந்தால் ஏழாவது கப்பலும் பாறைக்குத்தான்.

எஞ்சினியர் பர்க், தப்பியதற்கு நியூசிலாந்து மேற்குக் கரைக் கரிதான் காரணம் என்றார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, கரிக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஸ்டோக்கர்களுக்குப் போர்ப் பதக்கம்? புயலோடு யாரும் போர்ப் பிரகடனம் செய்யவில்லையே.

அந்த மூன்றாவது பதக்கம்? மறந்துவிட்டீர்களா? (கோயம்புத்தூர் வாசகி, இரண்டாம் கடிதம்)

மறக்கவில்லை அம்மா, நல்லதைக் கடைசிக்கு வைத்தேன். அது நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் தருகிற வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் மூன்று பாய்மரம் கொண்ட ஒரு கப்பல். பாய்லர் அறையில் வெந்தவருக்குப் பாய்மரப் படம்! யாரும் மாற்றத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

1831-ல் ஆரம்பித்தபோது 21 வருஷம் கேட்டார்கள். 1874-ல் 10 ஆக்கினார்கள், தாராளம் அதிகமாகிவிட்டது என்று நினைத்தோ என்னவோ 1884-ல் 15-க்கு ஏற்றினார்கள். ஆகவே ஒரே பதக்கம் ஒருவருக்கு 10 வருஷம், அவர் மைத்துனருக்கு 15 வருஷம். அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

வருஷத்தை ஓட்டினால் மட்டும் போதாது. வருஷா வருஷம் நடத்தைக்கு அதிகாரி குறிப்பு எழுதுவார், 'மிக நன்று' என்பது வரிசையாக விழ வேண்டும். நன்னடத்தைக்கு இடது கையில் பட்டை தைத்துக்கொள்ளலாம், மூன்று பட்டைவரை. ஒரு பட்டைக்கு நாளொன்றுக்கு ஒரு பென்னி கூடுதல். துறைமுகத்தில் இறங்கிக் குடித்துவிட்டு லேட்டாக வந்தால் பட்டையைப் பிடுங்குவார்கள், பென்னியும் போகும். தினசரி ரம்மைக் கப்பலே ஊற்றிக் கொடுக்கும்; அந்தக் கப்பலிலேயே குடிக்காத நல்ல பிள்ளையாக 15 வருஷம் இருக்க வேண்டும். அலெக்சாண்ட்ரியாவில் ஒரு நாள் இருந்ததற்கு ஒரு வெள்ளி. இதற்கும் ஒரு வெள்ளிதான். என்னைக் கேட்டால் இதை நட்சத்திரத்துக்கு முன்னால் மாட்டுவேன்.

உங்கள் மகன் லண்டனில்தானே இருக்கிறார்? கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 188 என்ற வரிசையில் 1873-லிருந்து சேர்ந்தவர்களின் சேவைப் பதிவுகள் இருக்கின்றன. பிறந்த ஊர், உயரம், முடி நிறம், பச்சை குத்திய இடம், எந்தக் கப்பலில் எந்தத் தேதி, நடத்தை, கொட்டடியில் அடைபட்ட நாள் எல்லாம் ஒரே பக்கத்தில். பதக்கம் சொல்லாததை அந்தப் பக்கம் சொல்லும்.

எங்கள் துறைமுகத்துக்கும் இந்தக் கரிக்கும் தொடர்பு உண்டா? (திருகோணமலை வாசகர்)

நேரடித் தொடர்பு. கிழக்கிந்தியக் கடற்பிரிவுக்கு உங்கள் ஊர்தான் பெரிய தளமாக இருந்தது. இந்தக் கடலின் வெக்கையில் பாய்லர் வேலைக்கு ஆங்கிலேயரை மட்டும் நம்பாமல் சான்சிபார், ஏடன், பம்பாய் பக்கம் ஆப்பிரிக்க வம்சத்தவரைச் சேர்த்தார்கள். 'சீடி' என்பது அவர்களுக்குப் பதிவேட்டுப் பெயர். பதக்க விளிம்பில் 'சீடி ஸ்டோக்கர்' என்று பொறித்ததும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இதே மாதிரி 'க்ரூ' இனத்தவர். அவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை என்று 'பாட்டில் ஆஃப் பியர்' என்றெல்லாம் எழுதிக்கொண்டார்கள், அரசாங்கப் புத்தகத்தில்! எழுதிய குமாஸ்தாவுக்குத்தான் நன்னடத்தைப் பட்டையைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

பதக்கத்தை அடகு வைத்தார்களா? (அடகுக்கடைக்காரர், ஈரோடு)

வெள்ளி ஐயா! உங்களுக்குத் தெரியாததா?

இவ்வளவு கஷ்டத்துக்கும் அவர்கள் ஒருநாளும் எதிர்த்துக் கேட்கவில்லையா? (தொழிற்சங்கத் தோழர், ஆவடி)

கேட்டார்கள் தோழர். ராணி காலமானபின், 1906 நவம்பரில். போர்ட்ஸ்மவுத் முகாமில் மழை வந்து ஸ்டோக்கர்கள் கலைந்து உள்ளே ஓடினார்கள். லெஃப்டினன்ட் கொல்லார்ட் அவர்களை வரிசையில் நிறுத்தி, முன்வரிசைக்கு 'மண்டியிடு' என்றார். பின்னால் இருப்பவர்களுக்குத் தன் முகம் தெரியவேண்டுமாம். கரி அள்ளக் குனிவோம், இதற்குக் குனிய மாட்டோம் என்று கலவரம். ராணுவ நீதிமன்றம்வரை போனது, பார்லிமென்டில் பேச்சானது. கொல்லார்ட் அதற்குப் பிறகும் ஏணியில் ஏறி ரியர் அட்மிரல் ஆனார். 1928-ல் மால்டாவில் 'ராயல் ஓக்' கப்பலில் நடன விருந்தின்போது பேண்டு வாத்தியத்தைப் பற்றி அவர் வாய்விட்ட வார்த்தைகள் பெரிய வழக்காகி, கடைசியில் கட்டாய ஓய்வு. ஸ்டோக்கர்களிடம் தப்பியவர் பேண்டுக்காரரிடம் மாட்டினார்.

ஷவல் கடைசியில் எங்கே போனது? (பொன்மலை ஐயாவே மறுபடி)

உங்கள் டீசல் எஞ்சின் மாதிரி, அங்கே எண்ணெய் வந்தது. கரியை ஒழித்து எண்ணெய்க்கு மாறியே ஆகவேண்டும் என்று வருஷக்கணக்கில் கத்தியவர் அட்மிரல் ஜான் ஃபிஷர். 1882-ல் அலெக்சாண்ட்ரியாவில் 'இன்ஃப்ளெக்ஸிபிள்' கப்பலின் கேப்டன் அவர்தான். 1912-ல் உத்தரவான 'குயீன் எலிசபெத்' ரகப் போர்க்கப்பல்கள் முழுக்க எண்ணெயில் ஓடின. அள்ள வேண்டாம், வால்வைத் திருகினால் போதும். ஆனாலும் திருகியவரை 'ஸ்டோக்கர்' என்றே கூப்பிட்டார்கள்.